குறைமாதம் ஒரு கேள்வி, மரபணு இன்னொரு கேள்வி

"ஏழு மாசத்துல பொறந்தாக்கூட பொழைச்சிக்கும், எட்டு மாசத்துல பொறந்தா தங்காது." பிரசவ வார்டு வராந்தாவில் இன்றைக்கும் யாராவது ஒரு பாட்டி இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பண்டைக் கிரேக்க மருத்துவர்களும் இதையே நம்பினார்கள் என்பதால் நம் பாட்டிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் உண்மைக் கணக்கு நேர்மாறானது. வயிற்றுக்குள் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 28 வாரத்தில் பிறந்ததைவிட 32 வாரத்தில் பிறந்தது தேறும் வாய்ப்பு அதிகம், அதைவிட 34இல் பிறந்ததற்கு அதிகம். எட்டாம் மாதத்துக்கென்று தனிச் சாபம் ஏதும் கிடையாது.

நர்சிங் பாடப்புத்தகத்தில் குறைமாதக் குழந்தை ஓர் அத்தியாயம். மரபணுக் கோளாறுகள் அதிலிருந்து நூறு பக்கம் தள்ளி வேறோர் அத்தியாயம். வார்டில் இரண்டும் ஒரே வார்மரில் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) வந்து படுத்துக்கொள்ளும். மகப்பேறு நர்சிங்கில் இப்போதுதான் கால் வைப்பவர்களுக்கும், என்ஐசியூ என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அடிப்படை வித்தியாசம் இதுதான். குறைமாதக் குழந்தையின் உறுப்புகள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் உருவாகிக்கொண்டிருந்தன, வேலை முடிவதற்குள் குழந்தை வெளியே வந்துவிட்டது. அவகாசம் கொடுத்து, அந்த அவகாசத்தில் சேதம் எதுவும் நேராமல் காத்தால் பல சிக்கல்கள் தாமாகவே விலகும். மரபணுக் கோளாறு நாள் போனால் சரியாகும் விஷயமல்ல. சிலவற்றில் நாள் போகப் போகச் சேதம் கூடும். "பொறுத்துப் பார்ப்போம்" என்பது முதல் வகைக்கு நல்ல வைத்தியம், இரண்டாவது வகைக்கு ஆபத்து. எந்தக் குழந்தைக்கு எது என்று பிறந்த அன்றே எல்லா நேரமும் தெரியாது. அதனால்தான் குறைமாதமா, மரபணுவா என்ற இரண்டு கேள்விகளையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வாரமும் எடையும்

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுக் கர்ப்பம் 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். அதிலும் 32 முதல் 37க்குள் பிறப்பவர்களே பெரும்பான்மை. 28க்குக் கீழே பிறப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, சிக்கலில் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் உலகெங்கும் பிறந்த குறைமாதக் குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம்.

எடை குறைந்த குழந்தை எல்லாம் குறைமாதக் குழந்தை அல்ல. 1.8 கிலோ எடையுள்ள குழந்தை 32 வாரத்துக்கு உரிய எடையோடு பிறந்ததாகவும் இருக்கலாம், 38 வாரம் நிறைந்தும் வயிற்றுக்குள் வளர்ச்சி தடைப்பட்டதாகவும் இருக்கலாம். முதல் குழந்தைக்கு நுரையீரலைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பதோடு, ஏன் வளரவில்லை என்றும் கேட்க வேண்டும். நஞ்சுக்கொடிக் கோளாறு, தாயின் ரத்த அழுத்தம் ஆகியவை வழக்கமான காரணங்கள். சில நேரம் குரோமோசோம் கோளாறும் காரணமாக இருக்கும்.

அம்மாவுக்குத் தேதி நினைவில்லை, ஆரம்ப ஸ்கேனும் இல்லை என்றால் குழந்தையின் உடம்பே தேதி சொல்லும். காது மடலை மெல்ல மடக்கிப் பாருங்கள். மாதம் நிறைந்த குழந்தையின் காது விட்டவுடன் டக்கென்று நிமிரும், உள்ளே குருத்தெலும்பு உறுதியாக இருக்கிறது. மிகவும் குறைமாதக் குழந்தையின் காது மடக்கியது மடக்கியபடியே கிடக்கும். உள்ளங்காலில் நிறைமாதத்தில் ரேகைகள் முழுக்க ஓடும். 30 வாரத்தில் பாதம் ஏறக்குறைய வழுவழுப்பு. தோல், மார்புக் காம்பு, முதுகுப் பூனைமுடி, கை கால் மடங்கியிருக்கும் விதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு வாரத்தைக் கணிக்கும் முறைக்கு பாலார்ட் ஸ்கோர் என்று பெயர். 1991இல் திருத்தப்பட்ட வடிவம்தான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

நுரையீரல்

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது, பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்த குழந்தை, எடை 2.1 கிலோ. மூச்சுத் திணறலில் இரண்டே நாளில் இறந்துபோனது. அன்றைக்கு உலகில் கிடைத்த சிறந்த மருத்துவம் அத்தனையும் அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தையை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எஸ்என்சியூ என்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவிலேயே பார்த்துத் தேற்றி, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அன்று இல்லாதது என்ன? நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூச்சு விட்டதும் அந்த அறைகள் நனைந்த பாலிதீன் பைபோல உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் மறுபடி பிரித்தெடுக்கப் பெரும்பாடு. இந்தப் பூச்சு போதுமான அளவுக்குச் சேர்வது ஏறக்குறைய 34, 35 வாரத்தில்தான். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இது போதாததே காரணம் என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் கண்டார்கள். வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட்டைக் குழந்தையின் மூச்சுக்குழலில் செலுத்திப் பிழைக்க வைக்கலாம் என்று 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா காட்டினார்.

வார்மர் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு இது எப்படித் தெரியும்? மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல். மூக்கு விடைக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது. இவற்றோடு ஒவ்வொரு மூச்சை விடும்போதும் "ம்... ம்..." என்று ஒரு முனகல். பசியில் முனகுகிறது என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே போன காற்று முழுதும் வெளியேறிவிடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறது. அதன் சத்தம்தான் அது. அந்த வேலையைக் குழந்தைக்குப் பதிலாக இயந்திரம் செய்வதுதான் மூக்கில் மாட்டும் சீபாப். முனகலைக் கேட்டவுடன் டாக்டரைக் கூப்பிடுங்கள். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய வேலை பிரசவத்துக்கு முன்பே நடக்கிறது. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று காட்டியது. இந்தியாவில் 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்தால் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு டோஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் டோஸைக் கிராம அளவில் பணிபுரியும் சுகாதார நர்ஸே போட்டுவிடலாம் என்று 2014இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. மலிவான மருந்து, ஆனால் நேரம் தவறினால் பலன் போய்விடும். முதல் ஊசி எத்தனை மணிக்கு என்று ரெஃபரல் சீட்டில் எழுதாமல் அனுப்பினால் அடுத்த ஆஸ்பத்திரியில் குழப்பம்தான் மிஞ்சும்.

34 வாரத்துக்குக் கீழே பிறந்தவர்கள் மூச்சு விடவே மறந்துபோவதும் உண்டு. 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால், அல்லது அதற்குள்ளேயே இதயத் துடிப்போ சாச்சுரேஷனோ இறங்கினால், அது அப்னியா. மூளையின் மூச்சு மையம் முதிராததால் வருவது. பாதத்தை மெல்லத் தடவினால் பல நேரம் மீண்டுவிடும். மருந்து, காபியில் இருக்கும் அதே கஃபீன். ஆனால் மூன்று நாள் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று அப்னியா வந்தால் அதை "குறைமாதம்தானே" என்று ஒதுக்கக் கூடாது. கிருமித் தொற்றின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

சூடும் பாலும்

பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. தெர்மாமீட்டர் கையில் இல்லாதபோது புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராட ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்றால் அவசரம். குளிர்ந்த குழந்தை ஆக்சிஜனையும் சர்க்கரையையும் வேகமாகச் செலவழிப்பதால் மூச்சுத் திணறல், சர்க்கரைக் குறைவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கல் வரும்.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் நெருக்கடி. எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தாயின் வெறும் மார்பிலேயே குழந்தையைக் கட்டி வைக்கச் சொன்னார். ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடாகத் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இன்று முதல்தர சிகிச்சை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், குழந்தை முழுதாகத் தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. பிறந்த உடனேயே தொடங்கி, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அம்மாவுக்கு முடியாத நேரத்தில் அப்பாவும் பாட்டியும் செய்யலாம். அப்பாக்கள் முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டாவது நாள் தாங்களாகவே வந்து சட்டையைக் கழற்றுவார்கள்.

பால் விஷயத்தில் அடிக்கடி வரும் குழப்பம், "வாய் இருக்கே, ஏன் சிஸ்டர் டியூப் போடறீங்க?" என்பது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகக் கோக்கும் திறன் சுமார் 34 வாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன் நேரடியாகக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். 32 வாரம் வரை பெரும்பாலும் டியூப். 32 முதல் 34 வரை பாலாடை. ஆமாம், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அதே பாலாடைதான் என்ஐசியூவிலும். பால் புட்டியைவிடச் சுத்தம் செய்ய எளிது. ஆனால் வீட்டில் சில பாட்டிகள் செய்வதுபோல் மூக்கைப் பிடித்து ஊற்றும் பழக்கம் அறவே கூடாது. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்குப் பகுதியைக் குழந்தையின் வாயோரத்தில் வைத்து, கொஞ்சம் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு.

குறைமாதக் குடலுக்கு என்இசி என்ற குடல் அழற்சி வரும் ஆபத்து உண்டு. வயிறு உப்புதல், டியூபில் பச்சையாக வருதல், மலத்தில் ரத்தம் ஆகியவை அறிகுறிகள். தாய்ப்பால் இதற்கு நல்ல காவல். தாய்க்குச் சுரக்காவிட்டால் தானமாகப் பெற்ற தாய்ப்பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. பச்சை நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னொரு இடத்திலும் வரும்.

மூளைக்குள் ரத்தக்கசிவு மிகவும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் வருவது. அந்த மூன்று நாள் குழந்தையை எவ்வளவு குறைவாகப் புரட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள்.

கண்ணுக்கு வரும் ஆர்ஓபி என்ற விழித்திரை நோயில் ஆக்சிஜனே வில்லனாகும். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளரும் முன் அதிக ஆக்சிஜன் பட்டால் அவை தாறுமாறாக வளரும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த வளர்ந்த நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. 1950இல் ஆறு வாரம் முன்கூட்டிப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். அதனால்தான் இன்று ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு சாச்சுரேஷன் 90 முதல் 95க்குள். மானிட்டரில் 99 என்று பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது, ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். அதுதான் இதில் உள்ள வஞ்சகம்.

மஞ்சள் காமாலை: இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம்

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956இல் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்டு. நல்ல வெயில் நாளில் குழந்தைகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவது அவர் வழக்கம். ஒருநாள் ரவுண்ட்ஸில் ஒரு குழந்தையின் துணியை விலக்கி டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சள். என்ன தடவினீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் தடவவில்லை, போர்வையின் முனை மறைத்திருந்த இடம் அது, மற்ற இடத்தில் வெயில் பட்டு மஞ்சள் போய்விட்டது என்றார் அவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் போட்டோதெரபி என்ற ஒளிச் சிகிச்சை. 1958இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர்கள் மூவரில் அவர் பெயர் இல்லை. நர்சிங் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இதை வைத்து வீட்டில் வெயிலில் காட்டுவதே போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை செய்வது நீல ஒளி, அதற்குக் கணக்கான அளவும் நேரமும் உண்டு. குறைமாதக் குழந்தைக்குக் குறைந்த அளவு பிலிருபினே (காமாலையில் ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி) மூளையைத் தாக்கக்கூடும் என்பதால் சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்குவார்கள்.

குறைமாதத்தில் காமாலை சகஜம். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் அது எந்த வாரக் குழந்தைக்கும் சகஜமல்ல. ரத்த வகைப் பொருத்தமின்மையைத் தேட வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டையும் தேட வேண்டும். இது எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறு, பையன்களுக்குத்தான் அதிகம். இந்தக் குழந்தைகளுக்குப் பாச்சை உருண்டையின் வாசனையே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பழைய துணியை ஆசையாக எடுத்துப் பேரனுக்குச் சுற்றுவது நம் வழக்கம். வார்டில் அந்த வாசனை வந்தாலே துணியை மாற்றச் சொல்வது நல்லது.

மரபணுப் பக்கம்

மரபணுக் கோளாறுகளைச் சுமாராக இரண்டு வகையாகப் பார்க்கலாம். ஒன்று, குரோமோசோம் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ கோளாறு. மற்றொன்று, ஒற்றை மரபணுவில் பிழை.

முதல் வகையில் அதிகம் பார்ப்பது டவுன் சிண்ட்ரோம். 46க்குப் பதில் 47 குரோமோசோம், 21ஆவது மூன்றாக இருக்கும். 1959இல் பிரான்ஸின் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்ட கண்டுபிடிப்பு. சுமார் 95 விழுக்காட்டில் இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் தற்செயல் பிழை. கிரகணத்தில் வெளியே வந்ததாலும் அல்ல, பப்பாளி தின்றதாலும் அல்ல. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும். ஆனாலும் இளவயதுத் தாய்மார்களே அதிகம் பிரசவிப்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலானோரின் அம்மாக்கள் 35 வயதுக்குள்தான். சிறு வயது அம்மா என்பதற்காகச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது.

மேல்நோக்கிச் சரிந்த கண், தட்டையான மூக்குத் தண்டு, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி, உள்ளங்கையில் ஒற்றை ரேகை, தளர்ந்த உடல். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. ஒற்றை ரேகை எந்தக் கோளாறும் இல்லாத சிலருக்கும் உண்டு. குறைமாதக் குழந்தையிடம் கணிப்பு இன்னும் கடினம். 28 வாரக் குழந்தை இயல்பாகவே கை கால்களைப் பரப்பிக்கொண்டு தளர்ந்து கிடக்கும். தளர்ச்சிக்குக் காரணம் வாரமா குரோமோசோமா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. வாரங்கள் கூடிய பிறகும் தளர்ச்சி மாறவில்லையா என்று பார்த்துச் சொல்வது, தினமும் அந்தக் குழந்தையைத் தொட்டுத் தூக்கும் நர்ஸ்தான்.

பச்சை நிறத்துக்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்கு முன்சிறுகுடல் அடைபட்டே உருவாகும். வயிற்றுக்குள் இருக்கும்போது பனிக்குட நீரைக் குடித்து உட்கொள்ள வேண்டிய குழந்தையால் அது முடியாது. நீர் தேங்கிக் கர்ப்பப்பை அளவுக்கு மேல் விரியும். விரிந்த கர்ப்பப்பைக்கு முன்கூட்டியே வலி வரும். ஆக, குழந்தை குறைமாதத்தில் பிறந்ததற்கே காரணம் குரோமோசோம்தான். பிறந்த பிறகு பச்சையாக வாந்தி எடுக்கும்போது "குறைமாதம், குடல் இன்னும் பழகவில்லை" என்று சொல்லிவிட்டால் போச்சு. பச்சை என்றால் பாலை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் அடுத்தடுத்துத் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். "பனிக்குட நீர் அதிகம்" என்ற ஒரு வரி அம்மாவின் கேஸ் ஷீட்டில் இருந்தால், அது குழந்தையின் கேஸ் ஷீட்டுக்கும் வந்து சேர வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருப்பதால் எல்லோருக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டும், தைராய்டு பரிசோதனையும் வேண்டும். குரோமோசோம் பரிசோதனை பெயரை உறுதி செய்வதற்கு மட்டுமல்ல. சிலருக்குக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அப்படியானால் அப்பா அம்மாவுக்கும் பரிசோதனை செய்தால்தான் அடுத்த கர்ப்பத்துக்கான வாய்ப்பைச் சொல்ல முடியும்.

இதைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிப் பாடம். இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்து, டாக்டர் சொல்ல வேண்டும். வராந்தாவில் நிற்க வைத்து மாமியாரிடம் முதலில் சொல்லுவது நடக்கக் கூடாத ஒன்று, நடந்துகொண்டும் இருக்கிறது.

இரண்டாவது வகையில், ஒடுங்கு மரபணுக் கோளாறுகள் நம் ஊருக்கு முக்கியம். இவற்றில் அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கொரு பிழையான பிரதியைச் சுமப்பார்கள். இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது.

"எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே சிஸ்டர்?"

"இருக்காது பாட்டி. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தது, பாப்பாகிட்ட ஒண்ணா சேர்ந்திடுச்சு."

"அப்ப அடுத்த மூணு பிள்ளைக்கு வராதுல்ல? நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாரே?"

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாலில் ஒன்று என்பது முறைபோட்டு வருவதல்ல. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாக 25 விழுக்காடு வாய்ப்பு. முந்தைய பிள்ளைக்கு வந்தது அடுத்த பிள்ளையின் கணக்கில் சேராது.

சொந்தத்தில் கட்டியவர்கள் ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே பிழையை வாங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நெருங்கிய உறவுத் திருமணங்கள் 28 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். மாமன் மகன், அத்தை மகள் கட்டினால் பிள்ளையின் மரபணு இடங்களில் 16இல் 1 பங்கு இப்படி ஒரே மூலத்திலிருந்து இரட்டையாக வரலாம். தாய்மாமனையே கட்டினால் 8இல் 1. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எந்தக் கர்ப்பத்திலும் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு 2 முதல் 3 விழுக்காடு என்றால், முறைப்பிள்ளைத் திருமணத்தில் அது சுமாராக இரட்டிக்கும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். "சொந்தமா?" என்பதைவிட முக்கியமான கேள்வி, "இதுக்கு முன்னாடி பிறந்து சில நாள்ல தவறின குழந்தை உண்டா அம்மா?" என்பது.

வளர்சிதைமாற்றக் கோளாறு, அதாவது உணவை உடைத்துப் பயன்படுத்தும் வேலையில் பிழை, உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். வயிற்றுக்குள் இருந்தவரை நச்சை நஞ்சுக்கொடி அகற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் பால் குடித்த பிறகு சோர்வு, வாந்தி, வலிப்பு. பார்ப்பதற்கு அச்சு அசல் கிருமித் தொற்று. ஆன்டிபயாட்டிக் தொடங்குவது சரிதான், கூடவே சர்க்கரையும் அம்மோனியாவும் பார்க்க வேண்டும். முந்தைய குழந்தையும் இப்படித்தான் போனது என்ற தகவல் நர்ஸின் காதில்தான் முதலில் விழும்.

குதிகாலில் ஒரு சொட்டு

1934இல் நார்வேயில் இரண்டு பிள்ளைகளின் தாய், தம் பிள்ளைகளின் சிறுநீரில் விசித்திரமான வாடை வருகிறது என்று விடாமல் சொல்லி வந்ததிலிருந்துதான் டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங் பிகேயூ என்ற வளர்சிதைமாற்ற நோயைக் கண்டுபிடித்தார். உணவைக் கட்டுப்படுத்தினால் மூளையைக் காக்கலாம் என்று 1950களில் தெரிந்தது. அதற்குக் குழந்தைக்கு அறிகுறி வரும் முன்பே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, வடிதாளில் உலர்ந்த ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தே அதைச் செய்துகாட்டினார். இன்று அதே தாளில் பிறவித் தைராய்டு குறைபாடு, சிஏஎச் என்ற அட்ரீனல் கோளாறு, ஜி6பிடி என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. ஆனால் இந்தப் பட்டியலிலேயே நமக்கு மிகவும் பயன்படுவது அதுதான். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். விட்டால் மூளை வளர்ச்சி குன்றும்.

இந்த ரத்தத்தை எடுக்க வேண்டியது பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள். குதிகாலை வெதுவெதுப்பாக்கி, ஓரத்தில்தான் குத்த வேண்டும், நடுவில் குத்தினால் எலும்பில் படும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த பெரிய சொட்டை வட்டத்தில் ஒரு பக்கமாகவே நிரப்பி, கிடைமட்டமாக வைத்து உலர விடுங்கள். வெயிலிலோ ஃபேன் காற்றிலோ காய வைக்காதீர்கள்.

குறைமாதக் குழந்தையிடம் இந்தப் பரிசோதனை ஏமாற்றும். தைராய்டு குறைவாக இருந்தாலும் மூளை அதைக் கண்டு டிஎஸ்எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை உயர்த்தத் தாமதமாகும். முதல் அறிக்கை "நார்மல்" என்று வரும், மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எகிறியிருக்கும். அதனால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். சிஏஎச்சில் நேர்மாறு: குறைமாதக் குழந்தைக்கு நோய் இல்லாமலே அளவு உயர்ந்து தெரியும், எனவே சீட்டில் வாரமும் எடையும் எழுதாவிட்டால் வீண் பதற்றம். நரம்பு வழியாக அமினோ அமிலம் ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் அறிக்கையைக் கலைக்கும். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் ஜி6பிடியும், அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையும் தானம் செய்தவரின் கதையைத்தான் சொல்லும். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே தாளை நிரப்பிவிடுவது நல்ல வழக்கம். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் உண்டு என்று 1952லேயே பதிவாகிவிட்டது. அந்தக் குழந்தைகளுக்குச் சிசு ஹீமோகுளோபின் காவல் இருப்பதால் முதல் சில மாதம் அறிகுறியே தெரியாது.

வீட்டுக்குப் போகும் நாள்

குறைமாதக் குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வீட்டார் கவனம் முழுக்க எடையில் இருக்கும். "ரெண்டு கிலோ வந்திடுச்சா சிஸ்டர்?" எடை முக்கியம்தான். ஆனால் கண் பரிசோதனைத் தேதி, மறு தைராய்டு பரிசோதனைத் தேதி, காது கேட்கும் பரிசோதனை, நிலுவையில் உள்ள குரோமோசோம் அறிக்கை எங்கே வாங்குவது என்ற நான்கையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வயதுக் கணக்கையும் சொல்லி அனுப்ப வேண்டும். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது போன்றவற்றுக்குத் திருத்திய வயது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறதென்றால் பத்து வாரத்தைக் கழித்து, மூன்றரை மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதைத்தான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்கலாம். கழித்த பிறகும் குழந்தை பிந்தினால், "குறைமாதப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காமல், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றோடும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.